நாணும் நானும்

நம் காவியங்களில் வில்லுக்குக் குறைவில்லை. மிதிலையில் இராமன் முறித்தது வில். அருச்சுனனின் வில்லுக்குக் காண்டீபம் என்று பெயர். திருமாலின் வில் சார்ங்கம். சிவபிரானின் வில் பினாகம். ஆனால் அவ்விற்களில் பூட்டப்பட்டிருந்த நாண்களுக்கு எவரும் பெயர் சூட்டவில்லை. போர்க்களத்தில் நாணொலி கேட்கும், பகைவர் நடுங்குவர், அத்தோடு நாணின் கதை முடிந்துவிடும். அந்த நாணை யார் திரித்தார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினார், மழையில் நனைந்தால் என்ன செய்தார் என்பதையெல்லாம் புலவர்கள் நமக்குச் சொல்லவில்லை.

ஒரேயொரு கதை விதிவிலக்கு. சதபத பிராமணத்தில் வருவது. வேள்வியின் புகழைத் தனதாக்கிக்கொண்ட விஷ்ணு, நாணேற்றிய வில்லின் நுனியில் தலையைச் சாய்த்து நிற்கிறார். நெருங்க அஞ்சிய தேவர்கள் கறையான்களிடம் பேரம் பேசுகிறார்கள். கறையான்கள் நாணை அரிக்கின்றன. நாண் அறுகிறது, வளைந்து நின்ற வில்லின் நுனிகள் விசையோடு விரிந்து தலையைத் துண்டித்துவிடுகின்றன. வேதவிளக்கம் கூறுவோர் இதற்குப் பெரிய தத்துவப் பொருள் சொல்வார்கள். எனக்கோ, இக்கதையைச் சொன்னவர் நாண் அறுந்த வில்லை அருகில் நின்று கண்டவர் என்றே தோன்றுகிறது. அம்பின் வழியே வெளியேற வேண்டிய விசை வெளியேற வழியின்றி வில்லுக்குள்ளேயே திரும்பும்போது என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வாசக நண்பர்கள் சிலர், அரசியலை விட்டுவிட்டு இவர் ஏன் வில்லுக்கும் அம்புக்கும் போனார் என்று வியக்கக்கூடும். விடயம் எளியது. என் மகள் வில் பிடிக்கிறாள். நான் அவளுக்கு நாண் கட்டிக் கொடுக்கிறேன்.

நான் ஒருநாளும் அம்பு எய்தவனல்லன். எனது வலது தோள் இரவுப் பணியின் மேசைகளுக்கே தேய்ந்துபோனது. மகள் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு விடுமுறைப் பயிற்சிக்குப் போய் அப்படியே அதில் ஒட்டிக்கொண்டாள். இன்று அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒலிம்பிக்கில் பயன்படும் 'றீகேர்வ்' வகை வில். 66 அங்குல நீளம். நாணை முழுதாக இழுக்கையில் அவளுடைய விரல்களில் ஏறும் பாரம் 36 இறாத்தல். எழுபது மீற்றருக்கு அப்பால் 122 சென்ரிமீற்றர் அகலமான இலக்கு. அதன் நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்ரிமீற்றர். தகுதிச் சுற்றொன்றில் 72 அம்புகள். ஒரு சுற்றில் அந்தப் பிள்ளை இழுத்து விடுவது மொத்தம் 2,592 இறாத்தல் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனையையும் அவளோடு சேர்ந்து தாங்குவது, பென்சில் தடிப்புக்கூட இல்லாத ஒரு நூற்கற்றை.

நாண் கட்டும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது 2022 ஆம் ஆண்டில். அவ்வாண்டின் முற்பகுதி வரை வெளிநாட்டிலிருந்து கட்டி வரும் நாண்களையே வாங்கினோம். மார்ச் மாதத்தில் ரூபாய் சரியத் தொடங்கியது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. சில அச்சுப் பதிப்பையே இடைநிறுத்தின. தலையங்கத்தைப் பாதியாக வெட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் எனக்கு, வில்லின் நாணுக்கு டொலர் வேண்டும் என்று மகளும் கேட்கவில்லை, கொடுப்பேன் என்று நானும் சொல்லவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு நூல் றீலும் சுற்றுநூல் றீலும் கொண்டுவந்து தந்தார். நூலின் விலை, கட்டிய நாண்களின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. ஒரு றீலில் பல நாண்கள் கட்டலாம்.

நாண் கட்டுவதற்கு ஒரு சட்டம் வேண்டும். நீண்ட மரச்சலாகை ஒன்றின் இரு முனைகளிலும் திரும்பக்கூடிய இரு குறுக்குக் கைகள். ஒவ்வொரு கையிலும் இரண்டு முளைகள். அவ்வளவுதான். அயலில் உள்ள தச்சாசாரியார் ஒருவர், 'இது என்ன, நெசவுத் தறியோ?' என்று கேட்டுக்கொண்டே செய்து தந்தார். முளைகளுக்கிடையில் வேண்டிய நீளத்தை அளந்து நிறுத்தி, ஒரே நூலை அறாமல் ஒன்பது தரம் சுற்றினால் பதினெட்டு இழை. ஒவ்வொரு சுற்றும் ஒரே இழுப்பில் போக வேண்டும். ஓர் இழை தொய்ந்தால் அது வெறும் அலங்காரம்; பாரத்தை மற்றைய பதினேழும் சுமக்கும். பிறகு முனைகளில் சுற்றுநூலை நெருக்கமாகச் சுற்றிக் கண்ணிகளை உருவாக்குதல். வில்லின் மேற்கையில் சறுக்கி இறங்கவேண்டிய மேற்கண்ணி சற்றுப் பெரிது; கீழ்க்கண்ணி சிறிது. கடைசியாக நடுவில், அம்பு பூட்டும் இடத்திலும் விரல்கள் பிடிக்கும் இடத்திலும் மற்றொரு சுற்று.

இந்தச் சுற்றின் முடிவில் முடிச்சுப் போடுவதில்லை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகளுக்கு அடியால் நூலின் நுனியை இழுத்தெடுத்து இறுக்கி வெட்டிவிட வேண்டும். இதைப் படத்தில் பார்த்து முதல்முறை செய்தபோதே என் விரல்கள் அதை அறிந்திருந்தன. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தார்கள். கோத்து முடித்த பத்தி சிதறாமலிருக்க அச்சுக்கோப்பாளர் அதைச் சுற்றி நூலை நாலைந்து வரி இறுக்கிச் சுற்றி, நுனியை முடிச்சிடாமல் சுற்றுகளுக்கு அடியில் சொருகிவிடுவார். முடிச்சிட்டால் சட்டத்தில் பூட்டும்போது உறுத்தும். அவிழ்க்கவும் நேரம் பிடிக்கும். சொருகிய நுனியோ ஓர் இழுப்பில் வந்துவிடும், ஆனால் தானாக ஒருபோதும் வராது. அந்த முதியவரிடம் நான் கற்ற தொழில்களுள் இன்றும் கைகொடுப்பது இது ஒன்றுதான். ஈய எழுத்துகள் போய்விட்டன, அச்சகமும் போய்விட்டது.

நூல் என்ன நூல் என்பதும் ஒரு பெரிய கதை. பேராதனையில் தமிழ் படித்த காலத்தில் பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையைப் படித்தோம். அதில் ஓர் இடையன் குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கும் காட்சி வரும். மரல் என்றால் ஒருவகைச் செடி என்று உரையில் எழுதியிருந்ததைப் பரீட்சைக்காக மனனஞ் செய்ததோடு சரி. இந்த நாண் வேலைக்கு வந்த பிறகுதான், எங்கள் ஊரில் வேலியோரம் வாள்போல் நிமிர்ந்து நிற்கும், வரிவரியான தடித்த இலைகளைக் கொண்ட மருள் என்ற செடியின் இனந்தான் அது என்று விளங்கிற்று. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'வில்நாண் சணல்'. இலங்கையில் வளரும் இனத்துக்கு 'இலங்கை வில்நாண் சணல்' என்ற பெயர். தாவரவியலாளர் முன்னர் சான்செவேரியா என்றும் இப்போது டிரசீனா என்றும் அதை வகைப்படுத்துகின்றனர். வடமொழியில் நாணுக்கு 'மௌர்வி' என்றொரு பெயர் உண்டு. மூர்வை என்னும் செடியின் நாரால் ஆனது என்பது பொருள். அந்த மூர்வையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்று கொள்வார் உளர். செடியின் பெயரில் நாண் இருக்கிறது, நாணின் பெயரில் செடி இருக்கிறது. அந்தச் செடியை நாங்கள் வீட்டு முற்றத்தில் அழகுக்குச் சட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

நார், தோல், பட்டு, விலங்கின் தசைநார் என மனிதன் நாண் செய்யாத பொருள் குறைவு. ஆனால் விற்கள் தங்குவதுபோல் நாண்கள் தங்குவதில்லை. 1545 இல் மூழ்கி 1982 இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட 'மேரி றோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 170க்கும் மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. ஆயிரக்கணக்கில் அம்புகள் கிடைத்தன. நாண் ஒன்றுகூட எஞ்சவில்லை. 1991 இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட 'ஊட்சி' மனிதன் கதை வேறு. அவனுடைய வில் இன்னும் செதுக்கி முடியாதது. ஆயின் அம்பறாத்தூணிக்குள் சுருட்டி வைத்த கயிறு ஒன்று இருந்தது. அது விலங்கின் தசைநாரால் திரித்த நாண் என்று 2019 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வில் முடிவதற்குள் நாணைத் தயார்செய்து வைத்துக்கொண்டு மலையேறியிருக்கிறான். அவன்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

இருபதாம் நூற்றாண்டில் டக்ரோன் வந்தது. பொலியெஸ்ரர்தான். இழுத்தால் நீளும், அதனால் அதிர்ச்சியைத் தானே விழுங்கும், வில்லை நோகவிடாது. ஆனால் அம்பின் வேகம் குறையும். பழகுநர் விற்களுக்கும், முனை வலுவூட்டப்படாத பழைய விற்களுக்கும் இன்றும் அதுவே ஏற்றது. 1965 இல் டியூபொன்ற் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவோலெக் என்ற அம்மையார் கண்டறிந்த கெவ்லார் இழை, 1970களில் வில்லுக்கும் வந்து சேர்ந்தது. உருக்கையும் விஞ்சும் வலிமை, நீட்சியே இல்லை என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அம்புகளும் வேகமாகப் பறந்தன. ஆயினும் அந்த இழைக்கு ஒரு குணம்: இழுவையைத் தாங்கும், மடிதலைத் தாங்காது. அம்பு பூட்டும் இடத்தில் ஒவ்வோர் எய்தலிலும் நாண் மடிந்து நிமிர்கிறது அல்லவா? அவ்விடத்தில் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக முறிந்து, வெளியே ஒரு தும்புகூடக் காட்டாமல், ஒருநாள் திடீரென அறும். பல நாண்கள் ஆயிரம் அம்பைத் தாண்டவில்லை. அறும்போது சில வேளைகளில் வில்லின் கையையும் கூடவே கொண்டுபோகும்.

1980களில் வந்த இன்றைய நூலின் வேதியியலைக் கேட்டால் சிரிப்பு வரும். பொலித்தீன்! சந்தையில் மீன் வாங்கினால் போட்டுத் தருகிற பையின் அதே பொருள். மூலக்கூறுகளை மிக மிக நீளமாக்கி, ஒரே திசையில் வரிசைப்படுத்தி இழுத்தெடுத்த இழை. மடிதலைத் தாங்கும், ஈரத்தைப் பொருட்படுத்தாது. அறுவதற்கு முன் தும்பு எழுப்பி அறிவிப்பும் தரும். கெவ்லாரைக் காட்டிலும் நேர்மையான இழை என்பேன். அதற்குள்ள பலவீனம் வெப்பம். பாரத்தின் கீழும் சூட்டின் கீழும் அது மெல்ல மெல்ல நீளும், நீண்டது மீளாது. இக்குறையைக் குறைக்க வேறோர் இழையைக் கலந்து செய்த நூல்களும் உண்டு. அவை நீளமாட்டா, ஆனால் அவ்வளவு காலம் உழைக்கமாட்டா என்பது அனுபவப்பட்டவர்களின் பேச்சு.

கொழும்பு வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் வில்லை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் நாணைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. வில்லின் கைகளை ஒட்டியிருக்கும் பசை இளகினால் ஒரு இலட்சத்துக்கு மேல் போகும் என்று சொல்லுவேன். உடனே எழுந்து ஓடுவார்கள்.

பராமரிப்பு என்று பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாணை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்தல். கண்ணைவிட விரல் நல்லது. காய்ந்து பொருபொருத்து, பஞ்சுபோல் மயிர் எழும்பினால் மெழுகு கேட்கிறது என்று பொருள். வாங்கும் மெழுகு தீர்ந்த காலத்தில் வன்னியிலிருந்து வந்த தேன்மெழுகைப் பயன்படுத்தினேன், நன்றாகவே இருந்தது. மெழுகுதிரியைத் தேய்க்கக் கூடாது, அது காய்ந்து செதிலாக உதிரும். மெழுகை இட்டபின் ஒரு தோல் துண்டால் பிடித்து மேலும் கீழும் விரைவாகத் தேய்த்தால் எழும் சூட்டில் அது இழைகளுக்குள் இறங்கும். அதிகமாகிவிட்டால் ஒரு நூலை நாணைச் சுற்றி ஒரு வளையமிட்டு மேலிருந்து கீழே இழுக்க, மிச்ச மெழுகு வழிந்து வந்துவிடும். பல் துப்புரவாக்கும் நூல் இதற்கு மிகப் பொருத்தம். நடுச்சுற்றில் மாத்திரம் மெழுகு படவே கூடாது. அங்கே விரல் வழுக்கி விலக வேண்டும், ஒட்டிக்கொண்டு விலகக் கூடாது.

அம்பின் அடிப்பிளவு நாணைக் கவ்வும் இறுக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வில்லைக் கிடையாகப் பிடித்து, அம்பை நாணில் பூட்டி, நிலத்தை நோக்கித் தொங்கவிட வேண்டும். தன் பாரத்தை அது தாங்கித் தொங்க வேண்டும். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் சுற்று தடித்துவிட்டது. தட்டாமலே விழுந்தால் மெலிந்துவிட்டது. மெலிந்தது ஆபத்து. இழுத்த நிலையில் அம்பு நாணிலிருந்து நழுவி, பிள்ளை அறியாமல் விட்டுவிட்டால், அது வெறும் நாணை எய்ததற்குச் சமம். தேவர்கள் கறையானை ஏவிய கதைதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அளவு இருக்கிறது. நாணேற்றிய வில்லில், பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம். மகளின் வில்லுக்கு அது 21 இலிருந்து 22 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். அதற்குள் அவளது அம்புகளுக்கு மிகப் பொருத்தமான புள்ளி 21.8. அவ்விடத்தில் வில்லின் சத்தமே வேறாக இருக்கும். அதட்டாமல், தணிந்து, 'தும்' என்று முடியும். நாண் நீண்டால் இத்தூரம் குறையும். கண்ணியை ஒரு கையிலிருந்து கழற்றி நான்கைந்து முறுக்கு ஏற்றினால் நாண் குறுகி, தூரம் கூடும். அவிழ்த்த நாணைச் சுருட்டி வைக்கையில் இரு கண்ணிகளையும் ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கு ஓடிப்போகும். இவற்றையெல்லாம் ஒரு பழைய நிருபர் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: கட்டிய திகதி, இழை, முறுக்கு, தூரம், எய்த அம்புகளின் எண்ணிக்கை. எண்ணிக்கையை மகள்தான் தருவாள். நான் வேலையால் திரும்பும் நேரத்தில் அவள் உறங்கியிருப்பாள். சாப்பாட்டு மேசையில், மூடிவைத்த கோப்பைக்குக் கீழே, '120' என்றோ '144' என்றோ ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். சில கிழமைகளில் எங்களுக்கிடையில் நடந்த முழு உரையாடலும் அவ்வளவுதான்.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு இழை அறுந்தால் மாற்று என்பது புத்தக விடை. சுற்றுநூல் பிரிந்தால் சுற்றை மட்டும் புதுப்பிக்கலாம். உள்ளிழை ஒன்று அறுந்தாலோ, கண்ணியில் தேய்வு கண்டாலோ நாணையே மாற்ற வேண்டும். கண்ணிதான் வஞ்சகமான இடம். வில்லின் முனையில் உள்ள வெட்டுக்குள் பதிந்திருப்பதால் நாணைக் கழற்றினாலன்றித் தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு தெரிவுப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னர், வெள்ளிக்கிழமை மாலை, அங்கேதான் அதைக் கண்டேன். மேற்கண்ணியின் சுற்றுக்குக் கீழே, ஓர் இழை. பதினெட்டில் ஒன்று. ஏழாயிரம் அம்புகளுக்கு மேல் எய்த நாண். அவளுடைய கைக்கும் காதுக்கும் பழகிய நாண். அதன் இணையாகக் கட்டிய மாற்று நாண் இருந்தது. ஆனால் அது புதிய றீலில் கட்டியது. பரீட்சைக் காலமாதலால் முப்பது அம்புகளே எய்திருந்தாள். புதிய நாண் முதல் ஐம்பது, நூறு அம்புகளில் அமர்ந்து கொடுக்கும். தூரம் மாறும், அம்பு பூட்டும் உயரம் மயிரிழை மாறும், குறிகாட்டியின் அளவுகள் மாறும். எழுபது மீற்றரில் மயிரிழை என்பது ஒரு வட்டம்.

"அப்பா, பதினேழு இருக்குதுதானே. பயிற்சியாளரும் ஒரு போட்டிக்குத் தாங்கும் எண்டு சொன்னவர்."

"தாங்கும், பிள்ளை. தாங்காட்டி?"

"தாங்காட்டி மற்ற நாணைப் போடுறது."

தகுதிச் சுற்றிலென்றால் சரி. ஒருவரோடொருவர் மோதும் சுற்றில் கருவி பழுதானால் அதற்கென்று மேலதிக நேரம் தரப்படுவதில்லை. ஓர் அம்புக்கு இருபது விநாடி. நாணைக் கழற்றிப் பூட்டுவதென்றால் அம்புகளை இழந்தபடிதான். அதைவிட, அறும் கணத்தில் அவள் முகத்துக்கும் நாணுக்கும் இடையில் தூரமே இராது. இழுத்து நிறுத்துகையில் நாண் மூக்கையும் நாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும். இவற்றை அவளுக்கு நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததல்ல. மாற்றச் சொல்லி வற்புறுத்தவுமில்லை. நான் கட்டுவேன், அவள் எய்வாள் என்பது எங்களுக்குள் முதலிலேயே ஏற்பட்ட பங்கீடு. அவளுடைய தாயார்தான் அடுப்படியிலிருந்து, 'இரண்டு பேரும் ஒரு நூலைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கப் போறியள்?' என்று கேட்டார்.

சனிக்கிழமை விடிய நான் எழும்பியபோது வில்லையும் இரு நாண்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். மாலையில் திரும்பினாள். வில்லில் புதிய நாண். 21.8 இல் தொடங்கி, நூற்று இருபது அம்புகளில் 21.4 க்கு இறங்கியதாகவும், இடையில் நான்கு முறுக்கு ஏற்றியதாகவும், கடைசி நாற்பது அம்பில் அசையவில்லை என்றும் சொன்னாள். குறிப்புப் புத்தகத்தில் அவளே எழுதினாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன; போட்டிக்கு முதல்நாள் எவரும் அத்தனை அம்புகள் எய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். மகள் ஐந்தாவது. வீடு வரும்வரை பேருந்தில் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் பேசவில்லை.

அன்றிரவு பழைய நாணைச் சட்டத்தில் பூட்டி, கண்ணியின் சுற்றைக் கத்தியால் கீறி விரித்துப் பார்த்தேன். செய்தியை உறுதிப்படுத்தாமல் உறங்கமுடியாத தொழில் எனது. அந்த ஓர் இழையைத் தவிர மற்றப் பதினேழிலும் ஒரு மாசு இல்லை. நடுச்சுற்றையும் கீறினேன், அங்கும் பழுதில்லை. இன்னொரு ஆயிரம் அம்புகளைத் தாங்கியிருக்கக்கூடிய நாண்.

சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். காலையில் மேசையில் அவள் முன்னால் இழைகளை விரித்து வைத்தேன். ஒவ்வொன்றாக விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"இது தாங்கியிருக்கும், என்ன?"

"ஓம், தாங்கியிருக்கும்."

தேநீரைக் குடித்து முடிக்கும்வரை அந்த இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒண்டை நினைச்சுக்கொண்டு என்னால் இழுத்து நிக்க ஏலாது அப்பா" என்றாள். பிறகு எழுந்து கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அடுத்த போட்டிக்கு இரண்டு நாண்கள் வேண்டுமாம். இரண்டும் ஒரே றீலில், ஒரே நாளில் கட்டியவையாக. இரண்டையும் மாறி மாறிப் போட்டு எய்து, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு அம்புகளாவது ஏற்றிவிடப் போகிறாள். கண்ணியின் சுற்றை அரை அங்குலம் நீட்டிக் கட்டச் சொல்லியிருக்கிறாள். றீலில் இன்னும் ஆறேழு நாணுக்கு நூல் இருக்கிறது. மேசையில் கிடக்கும் துண்டுக் கடதாசியில் நேற்றைய கணக்கு 96.